சத்து மருந்துப் போத்தல்

நான் லேசில் பயப்படுகிறவள் இல்லை. அலுவலகத்தில் என்னோடு வேலை செய்கிறவர்களைக் கேட்டால், பயப்படுத்துகிறவள் என்றுதான் சொல்லுவார்கள். கோப்பு தொலைந்துபோச்சு என்று கையை விரித்தவரையும், வரிசைக்கு நடுவில் புகுந்த பெரிய மனிதரையும் ஒரே குரலில் வாயடக்கி இருக்கவைத்திருக்கிறேன். "உம்மடை வாய்க்குப் பேயும் கிட்ட வராது" என்று கணவர் கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டார். பேய் வரவில்லைதான். மகளுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலை, உரும்பிராயில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக்குள் பயம் வந்து என்னைப் பிடித்தது. இன்னும் விடவில்லை.

அன்று தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுகிற நாள். மோட்டர் இறைத்து ஊற்ற, வாய்க்காலில் ஓடிவரும் தண்ணீரை ஒரு பாத்தி நிறைந்ததும் மண் வெட்டிப் போட்டு மறித்து, அடுத்த பாத்திக்குத் திருப்பவேண்டும். கணவர் மண்வெட்டியோடு பாத்திக்குள் நின்றார். மகள் வாய்க்கால் வரம்பில் குந்தியிருந்து பூவரசம் இலைகளை வள்ளமாக விட்டுக்கொண்டிருந்தாள். நான் கிணற்றடியில் உடுப்பு அலசியபடி அவளோடு கதைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ கேட்டேன், பதில் வரவில்லை. இன்னொருதரம் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வாய்க்காலுக்குள் முகங்குப்புறக் கிடந்தாள். நாலு விரல் ஆழத் தண்ணீர்தான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. தூக்கித் திருப்பியபோது கண் மேலே செருகி, வாய் ஒரு பக்கம் கோணி, உதடு நாவற்பழம் தின்ற நிறத்தில் இருந்தது. கணவரும் பாய்ந்து வந்தார். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். கதவுத் திறப்புக் கோர்வையைத் தேடி வீட்டுக்கு ஓட அவருக்கு நேரமில்லை. கையிலிருந்த மண்வெட்டியின் அலகையே அந்தப் பிஞ்சுக் கைக்குள் வைத்து அழுத்தினார். அவள் இழுத்த இழுப்பில் உள்ளங்கை வெட்டுப்பட்டு இரத்தம் ஓடியது.

கொஞ்ச நேரத்தில் வலிப்பு தானாகவே நின்றது. ஆஸ்பத்திரியில் முதலில் தைத்தது கையைத்தான். அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. மகள் சோறு சாப்பிடும்போது தெரியும். கணவர் அந்த நேரத்தில் தன் சோற்றுக் கோப்பையைத்தான் பார்ப்பார்.

ஒன்றரை வயதில் கடும் காய்ச்சலோடு ஒருதரம் வலிப்பு வந்ததுண்டு. வளர்ந்தால் சரிவரும் என்று சொல்லி அனுப்பினார்கள். இந்தமுறை காய்ச்சல் இல்லை. அடுத்த மாதத்துக்குள் இன்னும் இரண்டுதரம், காய்ச்சல் ஒன்றும் இல்லாமலே வந்தது. தலை நிறைய வயர் ஒட்டிச் சோதனை எடுத்தார்கள். பசை காய்ந்து மயிரெல்லாம் சிக்கெடுத்துப்போன பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மருத்துவருக்கு முன்னால் இருந்தோம். என்னைவிட வயது குறைந்த பெண் மருத்துவர்.

"அம்மா, இது எபிலெப்சி. வலிப்பு வருத்தம்" என்றார். "பயப்பிடாதையுங்கோ, கன பிள்ளையளுக்கு இருக்கு. மருந்தோடை நல்லா இருப்பா. ஆனால் ஒரு நேர மருந்தும் விடக்கூடாது. விட்டால் திரும்ப வரும். அப்பிடி வந்தால் சிலவேளை லேசிலை நிக்காது."

வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்கவைக்கவேண்டும், இறுக்கிப் பிடிக்கக்கூடாது, வாய்க்குள் ஒன்றும் வைக்கக்கூடாது, ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் உடனே கொண்டுவரவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். உள்ளங்கையில் இருந்த தையல் தழும்பைப் பார்த்துவிட்டு, "இரும்பும் வேண்டாம்" என்றார். என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக மருத்துவர், "பிள்ளையைப் பார்க்கிற எல்லாருக்கும் இதைச் சொல்லி வையுங்கோ" என்றார். நான் தலையாட்டினேன்.

மருந்து எடுக்கும் வரிசையில் நின்றபோதே கணவரிடம் மெல்லச் சொன்னேன். "இஞ்சேருங்கோ, இதை ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது."

"அக்காவுக்குமே?"

"உங்கடை அக்காவுக்குச் சொன்னால் சுன்னாகம் சந்தையிலை ஒலிபெருக்கி கட்டினமாதிரி."

அவருடைய அக்கா, எனக்கு மச்சாள், அடுத்த வளவில் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் இல்லை. இரண்டு வளவுக்கும் நடுவில் இருக்கும் வேலியில் ஒரு பொட்டு உண்டு. ஆள் குனிந்து போய்வரலாம். மகள் குனியாமலே போய்வருவாள். காலையில் முன்பள்ளிக்குப் போகுமுன் ஒருதரம், வந்தபின் நான் அலுவலகத்தால் வரும்வரை முழுக்க அங்கேதான். பிள்ளையை அதிகம் பார்க்கிறவர் யார் என்று கேட்டால் மச்சாள்தான். அவருக்குத்தான் சொல்லக்கூடாது என்று நான் சட்டம் போட்டேன்.

"அவ பாவம். சொல்லி வைப்பம்" என்றார் அவர்.

"பொம்பிளைப் பிள்ளை. இருவது வருசம் கழிச்சு ஆர் பதில் சொல்லுறது? நீங்களோ?"

எங்கள் ஊரில் ஒரு கல்யாணம் பேசினால், சாதகம் பார்க்கமுன், தெருவுக்கு ஏறும் ஒழுங்கை முகப்பில் இருக்கிற கடையில் விசாரிப்பார்கள். பெட்டைக்கு ஏதும் வருத்தம் கிருத்தம் உண்டோ என்று. என்னைப் பற்றியும் விசாரித்தார்கள். இதற்கு மேலும் ஒன்று இருந்தது. நான் படித்த வகுப்பில் ஒருத்தி காலைப் பிரார்த்தனையில் விழுந்து இழுத்தாள். அடுத்த நாளிலிருந்து அவளுக்குப் பெயர் போய்விட்டது. வலிப்புக்காரி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். வகுப்பில் அவளுக்குப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தவள் நான். ஒரு கிழமைக்குள் வேறு வாங்குக்கு மாறினேன். அதை நான் கணவருக்குக்கூடச் சொன்னதில்லை.

மருந்து, கரண்டியில் அளந்து கொடுக்கிற சிவப்பு நிறப் பாணி. குசினியில் மகள் முன்பு குடித்து முடித்த சத்து மருந்துப் போத்தல் ஒன்று கிடந்தது. அதுவும் சிவப்புத்தான் இருந்தது. போத்தலைச் சுடுநீரில் கழுவிக் காயவைத்து, வலிப்பு மருந்தை அதற்குள் ஊற்றினேன். போத்தலின் மேல் கொழுகொழு என்று ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. கைத்தொலைபேசியில் காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் மணி வைத்தேன். மணி அடித்தால் திரையில் 'சத்து' என்று வரும். நான் கெட்டிக்காரி என்று அன்றைக்கு நினைத்தேன்.

பிறகு அந்தப் பயத்தோடு குடித்தனம் நடத்தினோம். கிணற்றுக்கு மேலே கம்பிவலை போட்டார் கணவர். ஊரார் கேட்டதற்குப் பூனை விழுகுது என்றோம். தண்ணீர்த் தொட்டியைக் காயவிட்டோம். வெயிலுக்கு வெடிப்பு என்றோம். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் என்பது சும்மா சொன்னதில்லை. குசினியில் ஒரு பேணி விழுந்து சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பார்ப்பேன். மகள் சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், பார்க்கிறாளோ இல்லைக் கண் நிலைகுத்திப்போச்சோ என்று எனக்குச் சந்தேகம்.

"குஞ்சு!" என்று கூப்பிடுவேன்.

"இருக்கிறன் அம்மா" என்பாள்.

ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தரம் கூப்பிட்டிருப்பேன். என்ன அம்மா என்று அவள் கேட்பதில்லை. நான் என்னத்துக்குக் கூப்பிடுகிறேன் என்று அந்த நாலு வயதுக்கு விளங்கியிருந்தது. சில நேரம் நான் கூப்பிடமுன்னமே கக்கூசுக்குள் இருந்து "இருக்கிறன் அம்மா" என்று குரல் வரும். அப்போது எனக்கு அழுகை வரும், கோபமும் வரும். யாரோடு கோபம் என்று தெரியாமல் அலுவலகத்தில் போய் யாரையாவது ஏசுவேன்.

எட்டு மாதம் வலிப்பு வரவில்லை. மருந்து வேலை செய்தது. என்னுடைய கெட்டித்தனம்தான் வேலை செய்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் வவுனியாவில் இரண்டு நாள் பயிற்சி வந்தது. போகாமல் விட ஏலாது. கணவருக்கு வெங்காயம் கிண்டுகிற காலம். விடியமுன் தோட்டத்துக்குப் போனால், பிடுங்கிக் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோய்விட்டு வர இருட்டிவிடும். மகளை மச்சாளிடம் விட்டேன். அன்றைய காலை மருந்தை நானே கொடுத்துவிட்டு, போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"சத்து மருந்து மச்சாள். இரவும் காலமையும் ஒவ்வொரு கரண்டி. மறந்துபோகாதையுங்கோ."

"இதென்ன பெரிய வேலையே. நீ போட்டு வா பிள்ளை" என்றார்.

இன்னும் ஒருதரம் சொல்லத்தான் நினைத்தேன். சத்து மருந்துக்கு இந்தப் பாடோ என்று அவர் யோசித்துவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டேன். கணவருக்கும் அதையே சொல்லிவிட்டுத்தான் போனேன். "உங்கடை அக்காவிட்டை மருந்து மருந்து எண்டு நச்சரிக்காதையுங்கோ. சந்தேகப்படுவா."

இரண்டாம் நாள் பின்னேரம் நாலு மணியிருக்கும். ஓட்டோவால் இறங்கிப் படலையைத் திறந்தேன். வேலிக்கு அப்பால் மச்சாள் கத்துவது கேட்டது. வார்த்தை ஒன்றும் இல்லை, வெறும் கத்தல். பையை எறிந்துவிட்டுப் பொட்டுக்குள்ளால் புகுந்தேன். என் சேலை கம்பியில் கிழிந்தது.

மச்சாள் முற்றத்தில் இருந்து மகளை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தார். பிள்ளை அவருடைய பிடிக்குள் துடித்தது. வாய்க்குள் ஒரு கரண்டிக் காம்பு. வாயால் நாடிக்கு வழிந்த இரத்தம். கைக்குள் திறப்புக் கோர்வை. முன்வீட்டு அம்மா வேப்பிலையோடு நின்றார். மருத்துவர் செய்யக்கூடாது என்று சொன்ன அத்தனையும் அந்த முற்றத்தில் நடந்துகொண்டிருந்தது. ஒருவருக்கும் அவை கூடாது என்று தெரியாது. தெரிந்தவள் இவ்வளவு நேரமும் வவுனியாவில் இருந்தாள்.

"என்ன பிள்ளை இது? என்ரை குஞ்சுக்கு என்ன நடந்தது?" என்று மச்சாள் என்னைப் பார்த்துக் கேட்டார்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். முன்வீட்டு அம்மாவின் முகத்தை ஒருதரம் பார்த்தேன். பார்த்துவிட்டு, "காய்ச்சல் வலிப்புப் போலை கிடக்கு மச்சாள், காய்ச்சல் கூடினால் சின்னப் பிள்ளையளுக்கு வாறதுதானே" என்றேன். என் பிள்ளை என் கண்ணுக்கு முன்னால் நீலம் பாரித்துக்கொண்டிருக்க, நான் இருபது வருடத்துக்குப் பிறகு வரப்போகும் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மச்சாள் தன் கன்னத்தைப் பிள்ளையின் நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"உடம்பு பச்சைத்தண்ணியாக் கிடக்கு. எங்கை காய்ச்சல்?"

மணிக்கூட்டைப் பார்த்தேன். எப்போது தொடங்கியது என்று கேட்டேன். ஓட்டோச் சத்தம் கேட்க முன்னமே என்றார். ஐந்து நிமிடம் எப்போதோ போயிருக்கும்.

"மச்சாள், மருந்து குடுத்தனீங்களோ?"

"எந்த மருந்து?"

"அந்தச் சிவப்புப் போத்தல்!"

"இல்லைப் பிள்ளை. நேற்றுப் பின்னேரத்திலை இருந்து நெஞ்சிலை சளி இழுக்குது. சளிக்குள்ளை இனிப்புப் பாணி குடுத்தால் கூடுமெல்லே. கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தனான். சத்து மருந்துதானே, சளி மாற..."

சளிப் பிள்ளைக்கு இனிப்புக் கொடுக்கக்கூடாது என்று என் அம்மாவும் சொல்லுவா. நானாக இருந்தாலும் சத்து மருந்து என்றால் நிறுத்தித்தான் இருப்பேன். இரவு ஒன்று, காலை ஒன்று. இரண்டு நேர மருந்து.

"அது சத்து மருந்து இல்லை" என்று கத்தினேன். "அவளுக்கு வலிப்பு வருத்தம். எட்டு மாசமா மருந்து குடிக்கிறாள். அது வலிப்பு மருந்து மச்சாள்!"

மச்சாள் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நிற்க எனக்கு நேரமில்லை. கரண்டியை எடுத்தேன். பக்கவாட்டில் கிடத்தினேன். முன்வீட்டு அம்மா வேப்பிலையைப் போட்டுவிட்டு, போய்க்கொண்டிருந்த ஓட்டோவைக் கூவிக் கூப்பிட ஒழுங்கைக்கு ஓடினார். நான் எந்த வாய்க்குப் பயந்து எட்டு மாதம் பொய் சொன்னேனோ, அந்த வாய் அன்றைக்கு ஊர் கேட்கக் கத்தித்தான் வாகனம் வந்தது.

போகும் வழி முழுக்க அவள் இழுத்தாள். மச்சாளின் மடியில் தலை, என் மடியில் கால். "குஞ்சு, குஞ்சு" என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன். பதில் இல்லை. கடவுளைக் கூப்பிடவில்லை. அவளைத்தான் கூப்பிட்டேன்.

ஊசி போட்டபின்தான் நின்றது. அந்த இளம் மருத்துவரே அன்று கடமையில் இருந்தார். மருந்து தவறியதோ என்று கேட்டார். நான் வாய் திறக்கமுன் மச்சாள், "நான்தான் குடுக்கேல்லை. என்னிலைதான் பிழை" என்றார். அவருடைய சட்டை முழுக்கப் பிள்ளையின் வாய் இரத்தம்.

"இல்லை டொக்டர்" என்றேன். "வேறை போத்திலிலை ஊத்தி, சத்து மருந்து எண்டு பொய் சொல்லிக் குடுத்தது நான்."

மருத்துவர் ஏசுவார் என்று பார்த்தேன். ஏசவில்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கணவர் சந்தையிலிருந்து வெங்காயச் சருகு ஒட்டிய சட்டையோடே ஓடிவந்தார். "ஒருக்காக் கேக்கத்தான் நினைச்சனான். நீர்தானே கேக்க வேண்டாம் எண்டனீர்" என்றார். மூன்றுபேரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். மூளைக்கு ஏதும் நடந்திருந்தால் எழும்பியபின்தான் தெரியும் என்றார்கள். நான் அவள் காதுக்குள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். எத்தனை தரம் என்று தெரியாது. தொண்டை அடைத்தபின் உதட்டை மட்டும் அசைத்தேன். கடைசியில் கண்ணைத் திறக்காமலே, கடித்து வீங்கிய நாக்கோடு, "இக்கிறன்" என்றாள்.

அதன்பிறகு மச்சாள் என்னோடு கதைக்கவில்லை. தம்பியோடு கதைப்பார், பிள்ளையோடு கொஞ்சுவார். எனக்கு ஒரு சொல் இல்லை. ஆனால் காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் பொட்டுக்குள்ளால் குனிந்து வருவார். குசினி வாசலில் நின்று நான் மருந்து அளப்பதைப் பார்ப்பார். பிள்ளை விழுங்கியதும் திரும்பிப் போவார். மழையிலும் வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன், இரண்டுதரம் அழுதும் பார்த்தேன். அவருடைய கண் போத்தலை விட்டு எடுபடவில்லை. எத்தனையோ பேரை இருக்கவைத்த வாய் எனக்கு, அந்த மனிசிக்கு முன்னால் ஒன்றும் எடுபடவில்லை.

முன்பள்ளி ஆசிரியைக்கு நான் போய்ச் சொன்னேன். மற்றவர்களுக்கு இன்னும் வாய் வரவில்லை. முன்வீட்டு அம்மா சொல்லியிருப்பார் என்று அவரில் பாரத்தைப் போட்டுவிட்டு இருந்தேன்.

மூன்று மாதத்துக்குப் பிறகு கொக்குவிலில் சொந்தத்துக்குள் ஒரு கல்யாணம். மாலை வரவேற்புக்குப் போயிருந்தோம். மண்டபம் நிறையச் சனம். என் கைத்தொலைபேசி ஏழு மணிக்கு அடித்தது. அடித்த கையோடு நிறுத்தினேன். வெளியே கூட்டிக்கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று மகளின் கையைப் பிடித்து எழும்பினேன். பக்கத்துக் கதிரையில் இருந்த தூரத்துச் சொந்தக்காரி, காப்பு நிறைந்த கையால் பிள்ளையின் நாடியைத் தொட்டு, "எங்கை கூட்டிக்கொண்டு ஓடுறீர்? பிள்ளைக்கு ஏதும் வருத்தமே?" என்றார்.

பழைய பொய் வாய்க்குள் வந்து நின்றது. சளி என்றால் போதும்.

முன் வரிசையில் இருந்து மச்சாள் திரும்பினார். நாலுபேருக்குக் கேட்கிற குரலில், "ஓம், வலிப்பு வருத்தம். மருந்து குடிக்கிறாள், நல்லா இருக்கிறாள்" என்றார். பிறகு, மூன்று மாதத்தில் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சொன்னார். "ஏழு மணி தாண்டுது. வெளியிலை என்னத்துக்கு? இதிலையே இருந்து குடு பிள்ளை."

இருந்தேன். போத்தலை எடுத்தேன். இப்போது அது மருந்தின் சொந்தப் போத்தல்தான். ஊற்றியபோது கரண்டி தளும்பியது. மச்சாள் எழும்பி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மகள் வாயைத் திறந்தாள்.